உறி ஏறும் கண்ணாடிக் குப்பிகள்

இருமல் மருந்து, பன்னீர், தைலம், ஊறுகாய், காபித்தூள் என அன்றாடப் பொருள்களைத் தாங்கி வீட்டுக்குள் வரும் சிறு கண்ணாடிக் குப்பிகள், உள்ளிருந்த பொருள் தீர்ந்த அன்றே பயனற்றவையாகக் கருதப்பட்டாலும், அவற்றின் உடலில் அதுவரை குறிப்பிடத்தக்க தேய்மானம் எதுவும் நிகழ்ந்திருப்பதில்லை. பழைய பொருள் வாங்கும் கடைகளில் இரும்புக்கும் செய்தித்தாளுக்கும் கிடைக்கும் விலை கண்ணாடிக்குக் கிடைப்பதில்லை. எடை மிகுதியாலும் உடையும் அச்சத்தாலும் அதை வாங்கவே தயங்கும் கடைக்காரர்கள் பலர். இவ்வாறு போக்கிடம் இல்லாமல் பரணிலும் குப்பைத் தொட்டியிலும் சேரும் குப்பிகளைக் கம்பியாலோ கயிற்றாலோ கட்டித் தொங்கவிட்டு, ஓரிரு மலர்களோ ஒரு கொடியோ தாங்கும் பூச்சாடிகளாக ஆக்கும் கைவினை, செலவு குறைந்தது, எளிதில் கற்கக்கூடியது, சிறிய வீடுகளுக்கும் பொருந்துவது. ஆயினும் இதைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் வண்ணம் பூசுதல், மணி ஒட்டுதல் முதலிய மேற்பூச்சு வேலைகளோடு நின்றுவிடுகின்றன. குப்பி ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்ட பொருள் என்பதையும், கை புதிதாகச் செய்வது அதைத் தாங்கும் கட்டு ஒன்றையே என்பதையும் உணர்ந்தால், கவனம் முழுவதும் செல்லவேண்டிய இடம் எது என்பது விளங்கும்.

குப்பிகளுக்குப் பயன்படும் கண்ணாடி, சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது மணலின் சாரமான சிலிக்கா. மணல் உருகும் வெப்பநிலையைத் தணிப்பதற்காகச் சோடாச் சாம்பலும், உருவான கண்ணாடி நீரில் கரையாமல் நிலைப்பதற்காகச் சுண்ணாம்பும் சேர்க்கப்படுகின்றன. இக்கலவை ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் உருகும்போது, எரிபொருளிலிருந்து மட்டுமன்றிச் சோடாச் சாம்பலும் சுண்ணாம்புக் கல்லும் சிதைவதாலும் கரியமில வாயு வெளியேறுகிறது. உடைந்த கண்ணாடியை உலையில் மீண்டும் சேர்ப்பது நன்மை தருவதே. கலவையில் ஒவ்வொரு 10 விழுக்காடு பழைய கண்ணாடிக்கும் உலையின் ஆற்றல் தேவை 2.5 முதல் 3 விழுக்காடு வரை குறைகிறது. அந்த மிச்சம் கணிசமானதாகத் தோன்றினாலும் உலை எரிந்துகொண்டுதான் இருக்கவேண்டும். உருக்காமல், உருமாற்றாமல், குப்பியைக் குப்பியாகவே மறுபடியும் பயன்படுத்துவதற்கோ உலையே தேவையில்லை. மறுசுழற்சி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பிடும் வழக்கம் இருந்தாலும், மறுபயன்பாடு அதனினும் ஒரு படி மேலானது.

இந்த நோக்கிலேயே, எல்லாக் குப்பிகளும் பூச்சாடியாக வேண்டியவை அல்ல என்பதையும் சொல்லவேண்டியுள்ளது. 1872-இல் ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற, வாயுவின் அழுத்தத்தால் கோலி மேலெழுந்து ரப்பர் வளையத்தில் அமர்ந்து வாயை அடைக்கும் அமைப்புடைய கோலி சோடாக் குப்பி, இடுங்கிய கழுத்தும் பச்சைச் சாயலும் கொண்டு கண்ணைக் கவர்வதாலேயே அலங்காரப் பொருளாகத் தேடப்படுகிறது. ஆனால் கழுவி மீண்டும் நிரப்புவதற்கென்றே படைக்கப்பட்ட அக்குப்பி சோடா தயாரிப்பவரிடம் திரும்பிச் செல்வதே முறை. உள்ளே கிடக்கும் கோலியும் மெல்லிய காம்பு தவிர வேறெதற்கும் வழி விடாது. மதுக் குப்பிகளைப் பொறுத்தவரை, காட்டோரங்களில் வீசப்பட்ட குப்பிகளின் சில்லுகள் யானை முதலிய விலங்குகளின் கால்களைக் கிழித்ததைத் தொடர்ந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டுதலின்படி, 2022 மே மாதம் முதல் நீலகிரி மாவட்டத்தில் குப்பி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிக் குப்பியைத் திருப்பித் தரும்போது அதைத் திருப்பியளிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்து, பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. திரும்பிச் செல்ல வழியுள்ள குப்பியைத் திருப்பி அனுப்பிவிட்டு, வழியற்ற குப்பியையே எடுத்துக்கொள்வது நல்லது. ஊசி மருந்துக் குப்பிகள், அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், மருத்துவக் கழிவு என்பதால் தனி விதிகளின்படி அகற்றப்படவேண்டியவை; பூச்சிக்கொல்லி இருந்த குப்பிகளையும் எக்காரணத்தாலும் தொடலாகாது.

எடுத்துக்கொள்ளத் தக்கவற்றில் முதன்மையானது, 60 அல்லது 100 மில்லிலிட்டர் கொள்ளும் பழுப்பு நிற மருந்துக் குப்பி. இரும்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் சேர்க்கையால் உண்டாகும் இப்பழுப்பு நிறம் புற ஊதாக் கதிர்களையும் நீல ஒளியின் ஒரு பகுதியையும் தடுப்பதால், ஒளியில் கெடும் மருந்துகளுக்கென்று அது தெரிவு செய்யப்பட்டது. அதே பண்பு, தெளிந்த கண்ணாடியில் விரைந்து படரும் பாசியை இக்குப்பியில் வெகுவாகத் தாமதப்படுத்துகிறது. கோபால்ட் கலந்த நீலக் குப்பி கிடைத்தற்கரியது. கிடைப்பின் வெள்ளை மலருக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி இல்லை. நிறத்தைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது கழுத்தை. மூடி திருகும் மறைக்குக் கீழே சற்றுப் புடைத்த வளையம் ஒன்று பெரும்பாலான குப்பிகளில் காணப்படும். அந்தப் புடைப்புக்குக் கீழே சுற்றப்படும் கம்பி, குப்பியின் எடை கீழே இழுக்கும்தோறும் புடைப்பில் முட்டி நிற்பதால் நழுவாது. தோளிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள காபிக் குப்பிகளிலும், புடைப்பின்றிக் கூம்பிச் செல்லும் சில நறுமணக் குப்பிகளிலும் இந்தப் பிடிப்பு இராது. அவற்றை அடியிலிருந்து தாங்கும் கயிற்று வலையில்தான் இடவேண்டும்.

தெரிவு செய்த குப்பியை வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றிப் பார்ப்பது தவிர்க்கக்கூடாத வேலை. கண்ணாடியின் உண்மையான வலிமைக்கும் அது நடைமுறையில் உடையும் விசைக்கும் இடையே உள்ள பெரும் வேறுபாட்டுக்குக் காரணம் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களே என்பதை ஆலன் கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1921-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். வெளியிலிருந்து வரும் இழுவை கீறலின் முனையில் பன்மடங்காகக் குவிவதால், அங்கிருந்து விரிசல் ஓடத் தொடங்குகிறது. எனவே தரையில் நிற்கும் குப்பியில் பொருட்படுத்தத் தேவையற்ற ஒரு சிறு சிதைவுகூட, கழுத்தில் கட்டி உயரத்தில் தொங்கவிடப்படும் குப்பியில் பொருட்படுத்தப்படவேண்டியதாகிறது. கழுத்திலோ தோளிலோ சில்லு பெயர்ந்திருந்தால் அக்குப்பியை விலக்கிவிடலாம்.

தூய்மை செய்தலில் பொறுமையே கருவி. சலவைச் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் பசையால் ஒட்டிய தாள் பெரும்பாலும் தானே கழன்றுவிடும்; எஞ்சிய பிசுபிசுப்பின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவிச் சற்று நேரம் விட்டுத் துணியால் தேய்த்துப் பிறகு சோப்பால் கழுவவேண்டும். கண்ணாடியோடு சுட்டு இறுக்கப்பட்ட அச்செழுத்துகள் எதற்கும் கரையமாட்டா. அவற்றோடு போராடாமல் அவ்வாறே விட்டுவிடுவது உத்தமம். தூரிகை நுழையாத குறுகிய கழுத்துள்ள குப்பிக்குள் ஒரு கைப்பிடி அரிசியும் சோப்பு நீரும் இட்டுக் குலுக்கினால் உட்புற அழுக்கு அரிசியோடு உராய்ந்து வெளிவரும். உவர்நீரின் வெண்படலத்துக்குக் காடி ஏற்றது. ஒரு கவனம் மட்டும் தேவை: கொதிநீரைக் குளிர்ந்த குப்பியில் ஊற்றலாகாது. கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது என்பதால், உட்பக்கம் விரிந்தபின்னும் வெளிப்பக்கம் சுருங்கிய நிலையிலேயே நின்று, ஏறத்தாழ 40 டிகிரிக்கு மேற்பட்ட திடீர் வேறுபாட்டில் சாதாரணக் குப்பி விரிசல் விடக்கூடும்.

தாங்கும் கட்டைப் பொறுத்தவரை, தமிழ் மக்களுக்கு இது புதிதாகக் கற்கவேண்டிய கலையாக இருந்ததில்லை. கூரை விட்டத்திலிருந்து கயிற்று வலையில் கலங்களைத் தொங்கவிட்டு, பாலையும் தயிரையும் வெண்ணெயையும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் காத்த உறி, அண்மைக் காலம்வரை சமையலறைகளில் இருந்த பொருள். துறவியர் நீர்க்கரகத்தை உறியில் இட்டுச் சுமந்து செல்லும் காட்சி கலித்தொகையிலேயே இடம்பெற்றிருக்கிறது. கோகுலாஷ்டமியின் உறியடி வழியாக இன்றைய நகரக் குழந்தைகளும் அதன் பெயரை அறிவர். குளிர்பதனப் பெட்டி வந்தபின் வேலையிழந்த அந்த அமைப்பு, மேற்கத்திய முடிச்சுக் கலையின் பெயரால் இப்போது கடைகளில் விலைக்கு வருவதைக் காணும்போது, பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு போட்ட முடிச்சுகளை அவர்களிடமே கேட்டு எழுதி வைத்திருக்கலாமே என்ற ஏக்கம் எழாமல் இராது.

கயிற்று உறியை முடிவதற்கு நான்கு கயிறுகள் போதும். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரமுள்ள குப்பி, கொக்கியிலிருந்து இரண்டு சாண் இறங்கித் தொங்கவேண்டுமானால், ஒவ்வொரு கயிறும் 160 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். நான்கையும் ஒன்றாகப் பிடித்து, நடுப்பகுதியை ஒரு சிறு உலோக வளையத்துக்குள் நுழைத்து மடித்துக் கட்டினால் எட்டு இழைகள் கீழே தொங்கும்; வளையமே பின்னர் கொக்கியில் மாட்டும் இடமாகிறது. வளையத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் கீழே, அதாவது குப்பியின் வாய்க்குச் சற்று மேலே, அடுத்தடுத்த இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு முடிச்சுகள் இடவேண்டும். நான்கும் ஒரே மட்டத்தில் அமைவது இன்றியமையாதது. ஒரு முடிச்சு அரை விரற்கடை இறங்கினாலும் குப்பி அந்தப் பக்கமாகச் சாயும். அடுத்து, ஒரு முடிச்சின் வல இழையையும் பக்கத்து முடிச்சின் இட இழையையும் சேர்த்து, 4 அல்லது 5 சென்டிமீட்டர் கீழே முடியவேண்டும். இவ்வாறு துணையை மாற்றி மாற்றி இரண்டு மூன்று வரிசைகள் முடிந்தபின், வலைக்கண்கள் சாய்சதுர வடிவில் திறந்து, குப்பியை உள்ளே இட்டதும் அதன் உடலோடு படிந்துகொள்ளும். இறுதியில் எட்டு இழைகளையும் குப்பியின் அடியில் இறுக்கிச் சேர்த்துக் கட்டி, எஞ்சியதைக் குஞ்சமாக விடலாம். எடை முழுவதும் வந்து அமர்வது இந்த அடிமுடிச்சில் என்பதால், அதனை இருமுறை இறுக்குவது மிகை ஆகாது.

கயிற்றின் இயல்பும் கருதத்தக்கது. சணல் பார்வைக்கு இனியதாயினும் அடிக்கடி நனைந்தால் இற்றுப்போகும். பருத்தி நூல் மென்மையாக முடிச்சேறும், ஆயினும் வெளிமுற்றத்துக்கு ஏற்றதன்று. லிக்னின் என்னும் மரப்பொருளை மிகுதியாகக் கொண்ட தேங்காய் நார்க் கயிறு ஈரத்தை வெகுநாள் தாங்கும். மழைச் சாரல் படும் திண்ணைக்கும் மாடத்துக்கும் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

கம்பியால் கட்டுவோர்க்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தாமிரக் கம்பி மிகவும் ஏற்றது. மின்னோடிகளுக்குச் சுருள் சுற்றும் கடைகளில் கழித்துப்போட்ட துண்டுகளே இதற்குப் போதுமானவை. கண்ணாடியைவிட மென்மையானது என்பதால் தாமிரம் குப்பியின் கழுத்தில் கீறல் உண்டாக்குவதில்லை. கட்டட வேலைக்குப் பயன்படும் இரும்புக் கட்டுக்கம்பி மலிவானதாயினும் ஈரத்தில் துருவேறி மெலியும். கம்பியைக் கழுத்து வளையத்துக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, குறடால் மூன்று நான்கு முறுக்கு முறுக்கிக் கண்ணி ஒன்று ஆக்கி, அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இன்னொரு சிறு கண்ணி அமைத்து, இரு கண்ணிகளிலிருந்தும் மேல்நோக்கி ஒரு வளைவுப் பிடியைக் கொண்டுசெல்லவேண்டும். முறுக்கை இறுக்கும்போது கம்பி கண்ணாடியோடு படிந்தவுடன் நிறுத்துவதே கைத்திறம்; அதற்கு மேல் ஒரு முறுக்கு, கம்பியை அறுக்கும் அல்லது கழுத்தை நெரிக்கும். வெட்டிய முனைகளை உள்நோக்கி மடித்துவிடாவிட்டால் தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் விரலைக் குத்தும். கண்ணி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் குப்பி முன்னோக்கிச் சாயும். சுவரை ஒட்டித் தொங்கும் சாடிக்குச் சிலர் வேண்டுமென்றே அவ்வாறு செய்வதுண்டு, பூ அறைக்குள் எட்டிப்பார்ப்பது போன்ற தோற்றம் அதனால் கிடைக்கிறது.

குப்பியை அறுப்பதும், துளைப்பதும், மேலே வண்ணம் பூசுவதும் இக்கைவினைக்குத் தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. மண்ணெண்ணெயில் தோய்த்த நூலைச் சுற்றி எரித்துக் குளிர்நீரில் அமிழ்த்தி உடைக்கும் முறை பரவலாகக் காட்டப்பட்டாலும், அது தரும் விளிம்பு கோணலாகவும் கூராகவும் அமைவதோடு, அதைத் தேய்த்துச் சமன்செய்யும்போது எழும் நுண்தூள் மூச்சுக்குள் செல்லலாகாத ஒன்று. சிறு குப்பியின் வாயோ ஒரு காம்பைத் தாங்குவதற்கென்றே அளந்து செய்ததாக உள்ளது. வண்ணத்தைப் பொறுத்தவரை, வழுவழுப்பான கண்ணாடியில் சாதாரண நீர்வண்ணங்கள் நிலையாகப் பற்றுவதில்லை, நீர் பட்ட இடங்களில் உரிந்து விழுகின்றன. வெள்ளைப் பசையால் சணல் சுற்றிய குப்பியிலும் ஈரம் பட்ட பசை நெகிழ்ந்துவிடுகிறது. இக்குறைகள் இல்லாவிடினும், நீரின் மட்டமும் காம்பின் பசுமையும் வெள்ளை வேரின் நெளிவும் தெரிவதுதான் கண்ணாடிச் சாடியின் சிறப்பு என்றிருக்க, அதை மூடி மறைப்பதில் பொருளில்லை.

தொங்கவிடும் இடத்தைத் தேர்வதற்கு முன் எடையை எண்ணிப்பார்ப்பது நல்லது. 100 மில்லிலிட்டர் நீரின் எடை 100 கிராம்; குப்பியின் எடையையும் சேர்த்தால் ஒரு சாடி ஏறத்தாழ கால் கிலோவுக்குள் அடங்கும். இது ஜன்னல் கம்பிக்கோ சுவரில் பிளாஸ்டிக் அடைப்பான் வைத்து முடுக்கிய திருகாணிக்கோ ஒரு பாரமே இல்லை. எனினும் வளைவுப் பிடி எவ்வளவு தட்டையாக விரிகிறதோ அவ்வளவு மிகுதியான இழுவை ஒவ்வொரு பக்கக் கம்பியிலும் ஏறுகிறது. இரு பக்கங்களும் நேர்க்குத்திலிருந்து 60 டிகிரி விலகினால், ஒவ்வொன்றும் பாதி எடைக்குப் பதிலாக முழு எடையையும் தாங்க நேரும். ஆகவே பிடி குறுகி உயர்ந்திருப்பதே உறுதி. கொய்யா போன்ற கெட்டியான மரத்தின் காய்ந்த கிளை ஒன்றைக் கிடையாகக் கட்டி, அதில் ஐந்தாறு குப்பிகளை வெவ்வேறு நீளத்தில் தொங்கவிடும் அமைப்பு மிக அழகானது. ஆயினும் காற்றில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க இடையே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். நீர் நிறைந்த உருண்டைக் குப்பி வெயிலில் குவிலென்சாகச் செயல்பட்டு ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கவல்லது. நேர் வெயில் படும் ஜன்னலில் திரைச்சீலைக்கோ காகிதத்துக்கோ அருகில் தெளிந்த கண்ணாடிக் குப்பிகளைத் தொங்கவிடாமல் இருப்பதற்கு இது தக்க காரணம்.

இத்தகைய சாடிக்குப் பூங்கொத்து பொருந்தாது. ஒன்று அல்லது இரண்டு காம்புகளே போதும். ஜப்பானியத் தேநீர் அறைகளில் கூரையிலிருந்தோ தூணிலிருந்தோ தொங்கும் சிறு சாடியில் ஒற்றை மலரை வைக்கும் மரபு நெடுங்காலமாக உள்ளது. மலரைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் அலங்காரத்தின் பகுதியாக எண்ணும் அம்மரபு, குறுகிய வாயுடைய குப்பிக்கு மிகவும் இசைவானது. செம்பருத்தி நீரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நாளில் கூம்பிவிடும். சாமந்தி பல நாள் வாடாது. சம்பங்கித் தண்டு கீழிருந்து மேலாக ஒவ்வொரு மொட்டாக விரிந்து, மாலை வேளையில் அறையையே மணக்கச் செய்யும். காம்பைச் சாய்வாக வெட்டி உடனே நீரில் இடுவதற்குக் காரணம், நீரை மேலே ஏற்றும் நுண்குழாய்களில் காற்றுப் புகுந்து அடைத்துக்கொள்ளாமல் காப்பதே. நீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடாவிட்டால் அவை அழுகி, பெருகும் நுண்ணுயிர்கள் அதே குழாய்களை அடைத்துவிடும்.

வேர்விட்டு வாழும் செடி வேண்டுவோர்க்கு மணி பிளான்ட் எனப்படும் கொடி எளிதானது. கணு ஒன்று நீருக்குள் இருக்கும்படி வெட்டி இட்டால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் விடும். அதன் சாறு வாயில் எரிச்சல் உண்டாக்கும் என்பதால் குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். தொங்கும் சாடி இதற்கும் உதவுகிறது. கோலியஸ், கற்பூரவல்லி, துளசி ஆகியவற்றின் தண்டுகளும் நீரில் வேர் விடுபவையே.

தமிழ்நாடு போன்ற வெப்ப நிலங்களில் இங்கு ஒரு கடமை குறுக்கிடுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, குளத்தையோ சாக்கடையையோ நாடாமல், வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் சிறிதளவு தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் செடிக் குப்பிகளைத் தூக்கிப் பார்ப்பது இதனால்தான். முட்டை கொசுவாக முழுவளர்ச்சி பெறுவதற்கு ஏறத்தாழ 8 முதல் 10 நாள்கள் ஆவதால், வாரம் ஒருமுறையாவது நீரைக் கொட்டிப் புதிது நிரப்பவேண்டும். நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணாடியில் ஒட்டப்படும் முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, நீர் தொட்டவுடன் பொரிக்கக்கூடியவை. ஆகவே உட்சுவரைத் தூரிகையாலோ அரிசியாலோ ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவுவது கட்டாயம். காம்பைச் சுற்றி வாயைப் பஞ்சால் அடைத்துவைப்பது கூடுதல் காப்பு. கம்பிக் கட்டோ கயிற்று வலையோ குப்பியை எளிதில் கழற்றி மாட்டும்படி அமையவேண்டும் என்பதற்கு இந்த வாராந்தரக் கழுவலே முதற்காரணம். குப்பியோடு பசையிட்டு ஒட்டப்பட்ட உறி இச்சோதனையில் தோற்றுவிடும்.

கழுவும்போதே கழுத்தையும் கட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம். கயிற்றின் அடிமுடிச்சு நைந்திருந்தால் உறியை மாற்றவேண்டும். கழுத்தில் முடியளவு விரிசல் தென்பட்டால் குப்பிக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். ஓய்வுபெறும் குப்பியைத் தடித்த அட்டையில் சுற்றிக் கட்டி, மேலே கண்ணாடி என்று பெரிய எழுத்தில் எழுதி, உலர்குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரின் கையில் சொல்லிக் கொடுக்கவேண்டும். கம்பியையோ வளையத்தையோ அதோடு போடத் தேவையில்லை. அவை அடுத்த குப்பிக்கு அப்படியே பொருந்தும்.